டிகரியின் ஆப்பிள்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நேரங்களில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சிலருக்கு அதிகாலை, சிலருக்கு நடு இரவு. நான் நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து வந்திருக்கிறேன். பேச்சில் எங்காவது தடுமாறினால் அதைத் தூக்கக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பேராசிரியர் இல்லை. பாளையங்கோட்டையில் நர்சிங் டிப்ளமோ படித்தவள். பதினெட்டு வருடங்களாக வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி புற்றுநோய் வார்டில். கொஞ்சம் எழுதுகிறேன். "குழந்தைகள் இலக்கியம் பற்றிப் பேசுங்கள்" என்று நண்பர்கள் கேட்டபோது, எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஓயாமல் நடக்கும் ஒரு சண்டையைப் பற்றியே பேசலாம் என்று தோன்றியது.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளும் அவள் தோழிகளும் ஒரு படத்துக்காகக் காத்திருக்கிறார்கள். சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா வரிசையில் 'த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' என்ற புத்தகத்தை கிரெட்டா கெர்விக் படமாக எடுக்கிறார். தயாரிப்பு நெட்ஃபிளிக்ஸ். நார்னியா உரிமை அவர்கள் கைக்கு வந்தது 2018இல். படம் முதலில் ஐமேக்ஸ் திரைகளில் வரும் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சு இல்லை.

நார்னியா புத்தகங்கள் மொத்தம் ஏழு. 1950 முதல் 1956 வரை வருடத்துக்கு ஒன்றாக வந்தன. பி.பி.சி. 1988 முதல் 1990 வரை நான்கு புத்தகங்களைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. 2005, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் மூன்று புத்தகங்கள் பெரிய சினிமாக்களாக வந்தன. ஆனால் 1955இல் வெளியான இந்தப் புத்தகம் இதுவரை பெரிய திரைக்கு வரவில்லை. அதனால்தான் ரசிகர்களுக்கு இத்தனை ஆவல், இத்தனை பயம்.

அவர்கள் எதற்கெல்லாம் சண்டை போடுகிறார்கள் தெரியுமா? முதல் சண்டை வரிசையைப் பற்றியது. வெளியான வரிசையில் இது ஆறாவது புத்தகம். கதை நடக்கும் காலப்படி இதுதான் முதல். நார்னியா என்ற உலகம் எப்படிப் பிறந்தது, பனிக்காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கு ஏன் நிற்கிறது என்பதையெல்லாம் இந்தப் புத்தகம் சொல்லிவிடும். படவரிசையை இதிலிருந்து தொடங்கினால் அந்த விளக்கின் மர்மம் போய்விடாதா என்பது ஒரு கட்சி. தொடக்கத்தைத் தொடக்கத்தில் சொன்னால் என்ன குறை என்பது மறு கட்சி.

இரண்டாவது சண்டை சிங்கத்தின் குரல். அஸ்லானுக்குக் குரல் கொடுக்க மெரில் ஸ்ட்ரீப்புடன் பேச்சு நடப்பதாக 2025 ஏப்ரலில் செய்தி வந்தது. 2005 படத்தில் அது லியாம் நீசனின் குரல். அவரும் வட அயர்லாந்துக்காரர். எங்கள் ஊரில் அந்தச் செய்தி எப்படி வாங்கிக்கொள்ளப்பட்டிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சண்டை காலம். புத்தகத்தின் கதை ஷெர்லக் ஹோம்ஸ் காலத்து லண்டனில் நடக்கிறது. படத்தில் அது 1950களுக்கு மாறியிருப்பதாகப் படப்பிடிப்புப் புகைப்படங்களைப் பார்த்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த மூன்று சண்டையிலும் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. மகளிடம் அதைச் சொன்னால், "அப்போ உங்களுக்கு என்னதாம்மா வேணும் இந்தப் படத்துல?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இன்றைய உரை.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிகரி என்று ஒரு பையன். அப்பா வேலை நிமித்தம் இந்தியாவில் இருக்கிறார். அம்மா சாகக் கிடக்கிறாள். அதனால் கிராமத்து வீட்டை விட்டு லண்டனில் பெரியம்மா லெட்டி, மாமா ஆண்ட்ரூ ஆகியோர் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி பாலி. இந்த ஆண்ட்ரூ மாமா ரகசியமாக மந்திரம் பழகுகிறவர். வேறு உலகங்களுக்குக் கொண்டுபோகும் மோதிரங்களைச் செய்து வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்றால் சித்தப்பாவும் அங்கிள், மாமாவும் அங்கிள். ஆனால் இவர் டிகரியின் அம்மாவுக்கு உடன்பிறந்தவர், தாய்மாமன். நமக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும். மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன், முதலில் கினிப்பன்றிகளை வைத்துச் சோதனை செய்கிறார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணை ஏமாற்றி மோதிரத்தைத் தொடவைத்து அனுப்புகிறார். அவளைத் திரும்பக் கொண்டுவர மருமகனை அனுப்புகிறார். தான் மட்டும் போகமாட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதனைக்குக் கொடுப்பதற்கு முன் நோயாளிக்கு எத்தனை பக்கம் விளக்கி, எத்தனை இடத்தில் கையெழுத்து வாங்குவோம் என்று தெரிந்தவளுக்கு, ஆண்ட்ரூ மாமாவைப் போல எரிச்சல் மூட்டும் வில்லன் வேறு யாரும் இல்லை.

குழந்தைகள் சார்ன் என்ற செத்துப்போன உலகத்துக்குப் போகிறார்கள். பாலி தடுத்தும் கேட்காமல் டிகரி அங்கே ஒரு மணியை அடிக்கிறான். ஜேடிஸ் என்ற சூனியக்காரி விழித்துக்கொள்கிறாள். அவள் இவர்களோடு லண்டனுக்கு வந்து, அங்கிருந்து நார்னியா பிறக்கும் நேரத்தில் அதற்குள்ளும் நுழைந்துவிடுகிறாள். அஸ்லான் என்னும் சிங்கம் பாடுகிறது. அந்தப் பாட்டிலிருந்து நட்சத்திரமும் புல்லும் மிருகங்களும் உண்டாகின்றன. அந்தப் புத்தம்புது உலகத்துக்குள் தீமையைக் கொண்டுவந்தது டிகரிதான். அதற்கு ஈடாக, தூரத்துத் தோட்டத்திலிருந்து ஒரு ஆப்பிளைப் பறித்துவரும்படி சிங்கம் அவனை அனுப்புகிறது. அங்கே சூனியக்காரி காத்திருக்கிறாள். "இதை உன் அம்மாவுக்குக் கொண்டுபோ, அவள் பிழைத்துவிடுவாள்" என்கிறாள். அவன் கொண்டுபோவதில்லை. சொன்ன வாக்குப்படி சிங்கத்திடம் கொடுத்துவிடுகிறான். அந்த ஆப்பிளை நட்டு முளைத்த மரத்திலிருந்து சிங்கமே ஒரு பழத்தை அவனுக்குக் கொடுக்கிறது. அம்மா பிழைக்கிறாள். அந்தப் பழத்தின் நடுத்தண்டை அவன் வீட்டுக்குப் பின்னால் புதைக்கிறான். அது மரமாகிறது. பல வருடம் கழித்துப் புயலில் விழுகிறது. அந்தப் பலகையில் செய்ததுதான் முதல் புத்தகத்தில் குழந்தைகள் நுழையும் அலமாரி.

இப்போது கதையை எழுதியவரின் வீட்டுக்குப் போவோம். லூயிஸ் பெல்ஃபாஸ்டில் 1898இல் பிறந்தவர். அம்மா ஃப்ளோரா, அந்தக் காலத்திலேயே கணிதம் படித்துப் பட்டம் பெற்ற பெண். 1908 பிப்ரவரியில் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். அன்றைய வசதியுள்ள குடும்பங்களின் வழக்கப்படி வீட்டிலேயே வைத்துச் செய்தார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 23ஆம் தேதி அவர் இறந்துபோனார். லூயிஸுக்கு ஒன்பது வயது. அடுத்த மாதமே பையனை இங்கிலாந்தில் ஒரு போர்டிங் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் அவர் 'சர்ப்ரைஸ்ட் பை ஜாய்' என்ற சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதுவும் 1955இல் வந்த புத்தகம்தான். விசுவாசத்தோடு ஜெபித்தால் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, அம்மா பிழைப்பாள் என்று தன்னைத்தானே நம்பவைக்க அந்தப் பையன் எப்படி முயன்றான் என்று அதில் வருகிறது. இறந்த பிறகும் அற்புதம் நடக்கும் என்று காத்திருந்தான். இன்னொன்றையும் சொல்கிறார். அம்மாவை ஒரே நாளில் இழக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இழந்தோம், நர்சுகளும் மயக்கமும் மார்ஃபினும் அவளைத் தங்களிடமிருந்து வாங்கிக்கொண்டன என்ற பொருளில் எழுதுகிறார்.

அந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது நான். நாங்கள் நோயாளிக்கு உதவுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதவருகில் நிற்கும் பிள்ளைக்கு நாங்கள் யார்? அவன் அம்மாவை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறவர்கள். அதற்குப் பிறகு வார்டில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். நோயாளியின் பிள்ளைகள் வந்தால் அவர்களிடம் முதலில் என் பெயரைச் சொல்வேன். அம்மாவின் கையில் ஓடும் குழாய் எதற்கு என்று சொல்வேன். உதட்டில் தண்ணீர் தொட்டு வைக்கச் சின்னப் பஞ்சுக் குச்சியைக் கையில் கொடுப்பேன். பெரிய மருத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளையின் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். 2021, கொரோனாவின் இரண்டாவது அலை. என் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். நான் இங்கே, அம்மா பாளையங்கோட்டையில். விமானங்கள் குறைந்திருந்த காலம். அதே வியாதி வந்த வெள்ளைக்கார அம்மாக்களுக்கு நான் இங்கே தலையணை திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். என் அம்மாவுக்கு என் தங்கச்சி செய்தாள். நான் வாட்ஸாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக் கேட்கிற உங்களில் பலருக்கு இதை விவரிக்கத் தேவையில்லை. எந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் வயிறு கலங்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

ஜெபக் குழுவில் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "விசுவாசத்துல குறை இல்லாம ஜெபிக்கணும் சிஸ்டர்." அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பக்கத்து அறையில் என் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அம்மா மே மாதம் போய்விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி, படுக்கையில் மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பள்ளியில் ஆசிரியை இந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டி முடித்திருந்தார். "ஆச்சிக்கு ஏம்மா ஆப்பிள் கிடைக்கல?" நான் பேசாமல் இருந்தேன். "டிகரி எடுக்கக் கூடாதுன்னதும் எடுக்கல. நான் லெந்து நாள்ல சாக்லேட் சாப்பிட மாட்டேன்னு சொல்லிட்டுச் சாப்பிட்டேன். அதனாலயாம்மா?"

நாற்பது நாள் சாக்லேட் வேண்டாம் என்று அவளாக எடுத்த தீர்மானம் அது. ஒளித்துவைத்துத் தின்றிருக்கிறாள். ஆச்சியின் சாவுக்கு அதுதான் காரணம் என்று இரண்டு வாரமாகத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அன்றைக்கு அந்தப் புத்தகத்தின் மீது எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! நல்ல பிள்ளைக்கு அம்மா பிழைப்பாள் என்று ஒரு கதை சொன்னால், அம்மா பிழைக்காத பிள்ளை தன்னை என்னவென்று நினைக்கும்? எழுதியவருக்கு இது தெரியாதா? அவருடைய அம்மா பிழைக்கவில்லையே!

மறுநாள் லீவு போட்டுவிட்டு, மகளோடு சேர்ந்து அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். அதுவரை நான் அதைப் படித்ததே இல்லை. படித்தபோது மூன்று இடங்கள் கண்ணில் பட்டன. படத்தில் எனக்கு வேண்டியவை அந்த மூன்று இடங்கள்தான்.

முதலாவது, சூனியக்காரியின் பேச்சு. அவள் அசட்டு வில்லியைப் போலப் பேசுவதில்லை. உன் அம்மா வேதனையில் கிடக்கிறாள், ஒரு கடி கடித்தால் வலி போய்விடும், அந்தச் சிங்கம் உனக்கு என்ன செய்துவிட்டது என்று கேட்கிறாள். எந்தப் பிள்ளையும் விழுந்துவிடக்கூடிய பேச்சு. டிகரி தடுமாறத்தான் செய்கிறான். அவனைக் காப்பாற்றுவது அவனுடைய நல்ல குணம்கூட இல்லை, அவளே செய்யும் ஒரு சின்னத் தவறு. பாலியை இங்கேயே விட்டுவிட்டுப் போ, யாருக்கும் தெரியாது என்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் மற்ற எல்லாம் பொய்யென்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. தோழியை விட்டுவிட்டு வரச் சொல்கிறவள் அம்மாவின் நலத்துக்காகப் பேசியிருக்க முடியாது. இந்தக் காட்சியில் ஜேடிஸ் பயங்கரமாகக் கத்தினால் படம் தோற்றுவிடும். ஒரு நல்ல டாக்டரைப் போல அவள் அமைதியாகப் பேச வேண்டும். அப்போதுதான் டிகரியின் வேதனை நமக்குத் தெரியும்.

இரண்டாவது, சிங்கத்தின் கண்ணீர். இது ஆப்பிள் பறிக்கப் போவதற்கு முன்னால் வருகிறது. அம்மாவைக் குணமாக்க ஏதாவது தருவீர்களா என்று டிகரி கெஞ்சிவிட்டு, முதல் தடவையாகத் தலையை உயர்த்தி சிங்கத்தின் முகத்தைப் பார்க்கிறான். அந்தக் கண்களில் தன் கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர்த் துளிகள். அவனைவிடச் சிங்கத்துக்குத்தான் அவன் அம்மாவைப் பற்றி அதிக வருத்தமோ என்று தோன்றுகிறது. அந்த நேரத்தில் சிங்கம் எந்த உறுதியும் தருவதில்லை. பிழைப்பாள் என்று சொல்வதில்லை, பரீட்சையில் ஜெயித்தால் பழம் தருகிறேன் என்றும் சொல்வதில்லை. அழுகிறது, அவ்வளவுதான்.

மகளுக்கு நான் காட்டிய இடம் இதுதான். "பாத்தியா, சிங்கம் 'நீ நல்லவனா இருந்தா தாரேன்'னு சொல்லவே இல்ல." அவள் மறுபடி படித்துப் பார்த்தாள். உண்மைதான். ஆப்பிளைக் கொண்டுவந்து கொடுக்கும்போது டிகரி தன் அம்மா பிழைப்பாள் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டான். கூலி கிடைக்கும் என்று அவன் எதையும் செய்யவில்லை. பழம் பிறகு வருகிறது, சம்பளமாக இல்லாமல். என் மகள் நம்பிக்கொண்டிருந்த கணக்கு புத்தகத்தில் இல்லை. பரீட்சை, மதிப்பெண், பரிசு என்ற கணக்கைப் பெரியவர்களாகிய நாம்தான் குழந்தைகளின் தலைக்குள் போட்டு வைத்திருக்கிறோம். சினிமாவும் அந்தக் கணக்கையே விரும்பும். சோதனையில் ஜெயித்தான், பரிசு வாங்கினான் என்று இசை எழும்பினால் எனக்குப் பயமாக இருக்கும். அந்தத் திரையரங்கில் அம்மாவை இழந்த பிள்ளை ஒன்று நிச்சயம் உட்கார்ந்திருக்கும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். திருடிய ஆப்பிளும் அம்மாவைக் குணமாக்கியிருக்கும், ஆனால் ஒருநாள் இருவருமே அந்த நோயிலேயே போயிருக்கலாம் என்று சொல்லும்படி ஆகியிருக்கும் என்று சிங்கம் பிறகு விளக்குகிறது. முதல் வாசிப்பில் இது எனக்குக் கொடுமையாகத் தெரிந்தது. வார்டை நினைத்துப் பார்த்தபோது கொஞ்சம் புரிந்தது. எப்படியாவது உயிரை நிறுத்தி வையுங்கள் என்று குடும்பம் கேட்டு, குழாய் மேல் குழாயாகப் போட்டு, இறந்தவரின் கடைசி மாதங்களை நினைத்துப் பிற்பாடு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் கேட்டார்கள். நானும் என் அம்மாவுக்கு அப்படித்தான் கேட்டேன். இன்னொரு கீமோ கொடுத்துப் பாருங்கள் என்று போனில் டாக்டரிடம் நான் சண்டை போட்டேன். அம்மாதான், "போதும்மா, விடு" என்றார்கள். ஆனால் எல்லா மரணத்துக்கும் இந்த விளக்கத்தை ஒட்டிவிட முடியாது. சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் முப்பது வயது அம்மாவின் படுக்கை அருகில் இதை நான் சொல்லமாட்டேன். புத்தகமும் அதை டிகரிக்கு மட்டுமே சொல்கிறது.

மூன்றாவது, அந்தத் தூக்கம். டிகரி வீட்டுக்கு வந்து ஆப்பிளைத் தோல் சீவி, துண்டு போட்டு, ஒவ்வொன்றாக ஊட்டுகிறான். அம்மா சாப்பிட்டு முடித்ததும் எழுந்து ஓடுவதில்லை. தூங்குகிறாள். மருந்தினால் வராத, இயல்பான தூக்கம் என்று லூயிஸ் எழுதுகிறார். நோயாளி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும். மார்ஃபின் தூக்கத்தில் முகம் வேறு, மூச்சு வேறு. நாங்கள் இரவில் டார்ச்சை மறைத்துப் பிடித்துக்கொண்டு எண்ணுவது அந்த மூச்சைத்தான். ஒன்பது வயதில் கதவருகில் நின்று பார்த்ததை ஐம்பத்தாறு வயதிலும் அந்த மனிதர் மறக்கவில்லை. மறுநாள் டாக்டர் பெரியம்மாவிடம், இது அற்புதம் போல இருக்கிறது, ஆனால் பையனிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்கிறார். பையன் கேட்டுவிடுகிறான். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதையெல்லாம் பிள்ளைகள் கேட்டுவிடுகிறார்கள். என் வீட்டிலும் அதுதான் நடந்தது.

கெர்விக் இதைச் செய்வாரா? எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. 2019இல் அவர் எடுத்த 'லிட்டில் விமன்' படத்தில், ஜோ தூங்கி எழுந்து தங்கையின் படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்துப் படியிறங்கி ஓடும் காட்சி இரண்டு முறை வரும். முதல் முறை கீழே தங்கை பிழைத்து உட்கார்ந்திருப்பாள். இரண்டாம் முறை அம்மா மட்டும் இருப்பாள். ஒரே படிக்கட்டு, ஒரே ஓட்டம். பிழைத்த வீட்டையும் பிழைக்காத வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தெரிந்தவர் அவர். இந்தக் கதைக்கும் அதுதான் தேவை. டிகரியின் அம்மா பிழைக்கிறாள், அதை எழுதியவரின் அம்மா பிழைக்கவில்லை.

கிழக்கு பெல்ஃபாஸ்டில் ஹோலிவுட் ஆர்ச்சஸ் நூலகத்துக்கு அருகில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. அமெரிக்காவின் ஹாலிவுட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லூயிஸின் நூற்றாண்டான 1998இல் ராஸ் வில்சன் என்ற சிற்பி செய்தது. ஒருவர் அலமாரியின் கதவைத் திறந்து உள்ளே போகப் பார்க்கிறார். அது டிகரி. ஆனால் முகத்தில் லூயிஸின் சாயல். பிழைத்த அம்மாவின் மகனும் இறந்த அம்மாவின் மகனும் அங்கே ஒரே ஆளாக நிற்கிறார்கள். டியூட்டி முடிந்து அந்த வழியாக பஸ்ஸில் வரும்போதெல்லாம் பார்ப்பேன்.

போன மாதம் மகளிடம் கேட்டேன், "படத்துல உனக்கு என்ன வேணும்?" அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க அம்மா ஆப்பிள் சாப்பிடுறப்போ ஆச்சி ஞாபகம் வரும். அழுவேன். பரவாயில்லல்ல?"

பரவாயில்லை என்றேன். படம் வந்ததும் நாங்கள் இருவரும் போவோம். சிங்கம் எந்தக் குரலில் வேண்டுமானாலும் பேசட்டும். கைக்குட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.